லீடர் வேணாமாம், மேப் போதுமாம்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் சூடான பதிவு. சைக்கிள் ஓட்டாதவங்களும் படிக்கலாம். உங்க ஊர் நூலகத்துலயோ, நாடகக் குழுவுலயோ, கோயில் கமிட்டியிலயோ இருபது வருஷமா ஓசியில உழைக்கிற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவரை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

எங்க சைக்கிள் கிளப் வாட்ஸப் குழுவுல கொஞ்ச நாள் முன்னாடி ஒரு வாக்கெடுப்பு நடந்துச்சு. கேள்வி இதுதான்: "இனிமே ஞாயிறு ரைடுக்கு ரைடு லீடர் அவசியமா? ரூட் ஃபைலைக் குழுவுல போட்டா போதாதா?" லீடர் வேணும்னு 14 பேர். வேணாம்னு 61 பேர். அந்த 61-ல ஒண்ணு என்னோடது.

எந்தக் கிளப்னு கேக்காதீங்க. பேரைச் சொன்னா வீட்டுக்கு ஆட்டோ வரும். இல்லன்னா ஆளுக்கொரு கார்பன் ஃபைபர் சைக்கிள்ல வருவாங்க, அது இன்னும் மோசம் :-)

சென்னையில நான் 2012-லிருந்து இவங்களோட ஓட்டறேன். அன்னைக்கு இருந்த லீடருங்க மூணு பேரும் இன்னைக்கும் இருக்காங்க. பேர் வேணாம், நாங்க கூப்பிடற மாதிரியே சொல்றேன். டெலிபோன் சார், ரிட்டயர் ஆன மனுஷர், அறுபத்தேழு வயசு. டீச்சர் அக்கா, அரசுப் பள்ளி ஆசிரியை. அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், சொந்தமா லேத் பட்டறை வெச்சிருக்கார். மூணு பேருக்கும் கிளப் ஒரு பைசா கொடுத்தது கிடையாது. வருஷா வருஷம் ஆண்டு விழாவுல ஒரு சால்வை, ஒரு பிளாஸ்டிக் கேடயம். சார் வீட்டு அலமாரியில ஏழெட்டு கேடயம் இருக்கு. அவர் பேத்தி அதுல ஒண்ணுல பென்சில் சொருகி வெச்சிருக்கா.

சரி, மேட்டருக்கு வருவோம். லீடர் வேணாம்னு சொன்னவங்க (நானும் சேர்த்துத்தான்) சொன்ன காரணம் நாலு.

1. எல்லார் கையிலயும் ஜி.பி.எஸ். இருக்கு, வழி தெரியாதவன் எவனும் இல்லை.
2. இவங்க திரும்பத் திரும்ப அதே நாலு ரூட்ல கூட்டிட்டுப் போறாங்க, போரடிக்குது.
3. மெதுவா போறாங்க, அதட்டறாங்க.
4. லீடர்னு ஒருத்தரைப் போட்டா, ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு கிளப் மேல வரும்.

ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல ரூட். எங்க கிளப்போட செல்ல ரூட் ஒண்ணு இருக்கு. நாங்க வெச்ச பேர் "முக்கோணம்". திருவான்மியூர்ல கிளம்பி, வேளச்சேரி வழியா தாம்பரம், அங்கேருந்து ஜி.எஸ்.டி. ரோட்ல வண்டலூர், இடது பக்கம் திரும்பி மாம்பாக்கம், கேளம்பாக்கம், அப்படியே உப்பளத்தைப் பாத்துக்கிட்டே கோவளம், பிறகு ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு பாலம் ஏறித் திரும்ப திருவான்மியூர். மேப்ல பாத்தா ஒரு கோணல் முக்கோணம். இதை ஏன் இந்தத் திசையில மட்டும் சுத்தறோம், எதிர்ப்பக்கமா சுத்தக் கூடாதான்னு ரொம்ப நாளைக்கு எனக்குத் தோணினதே இல்லை.

ஒரு நாள் டீக்கடையில சார்கிட்ட கேட்டேன். "தம்பி, நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம்தானே போகுது? இப்படிச் சுத்தினா முக்கியமான திருப்பம் எல்லாம் இடது கைப்பக்கமே வரும். முப்பது பேரைக் கூட்டிட்டு வலது பக்கம் திரும்பணும்னா எதிர்ல வர்ற லாரியை நிறுத்தணும். நான் என்ன டிராஃபிக் போலீஸா?" அப்படின்னார். கேளம்பாக்கத்துல ஓ.எம்.ஆரைக் கடக்கற ஒரு இடம் மட்டும் சிக்கல். அங்க அவரே இறங்கி நின்னு, கடைசி ஆள் கடக்கற வரைக்கும் நகர மாட்டார்.

இது ஃபைல்ல எங்க இருக்கு? ஃபைல்ல ஒரு நீலக்கோடு இருக்கு, அவ்வளவுதான். கோடு ஏன் அப்படிப் போகுதுங்கற காரணம் ஒரு ஆள் தலைக்குள்ள இருக்கு.

2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல புதுப் பேருந்து முனையம் திறந்தாங்க. தென்மாவட்ட பஸ் எல்லாம் அந்தப் பக்கம் வந்துடுச்சு. விடியற்காலையில வந்து சேர்ற பஸ், உள்ளூர் பஸ், ஆட்டோ எல்லாம் சேர்ந்து வண்டலூர் சுத்துவட்டாரமே மாறிப்போச்சு. சார் ரெண்டு வாரம் தனியா போய்ப் பாத்துட்டு வந்தார். மூணாவது வாரம் ஜி.எஸ்.டி.யையே முக்கோணத்துலேருந்து தூக்கிட்டார். மேடவாக்கத்துலேருந்து சித்தாலப்பாக்கம், பொன்மார் வழியா நேரா மாம்பாக்கம். கிலோமீட்டர் கொஞ்சம் குறைஞ்சது, அதுக்கு அன்னைக்கே சிலர் முணுமுணுத்தாங்க. ("ரவுண்டா எழுபது வரலையே சார்!")

அவர் மாத்தினார். ஃபைல் மாறலை. கிளப்போட கூகுள் டிரைவ்ல இருக்கற "முக்கோணம்" 2019-ல யாரோ பதிவு பண்ணினது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வர்றேன்.

ரெண்டாவது, போரடிக்குது. ஒரே ரூட்டாம். மக்களே, ஈ.சி.ஆர்.ல ஜூன் மாசக் காத்தும் மார்கழிக் காத்தும் ஒண்ணா? ஜூன், ஜூலை காலையில மேல்காத்து, தென்மேற்குக் காத்து. கோவளத்துலேருந்து வடக்க திரும்பினா முதுகுல கை வெச்சுத் தள்ளற மாதிரி இருக்கும். கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்து வடகிழக்குலேருந்து அடிக்கும். அதே ரோடு, அதே சைக்கிள், வீட்டுக்கு வர்றதுக்குள்ள உயிர் போயிடும். அந்த மாசத்துல சார் பலசாலிகளை எல்லாம் முன்னாடி நிறுத்துவார். "நீங்கதான் காத்தை வாங்கணும், மாத்தி மாத்தி முன்னாடி வாங்க" அப்படிம்பார். புதுசா வந்தவங்க அவங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வருவாங்க. ரேஸ்ல எதிரியை ஜெயிக்கப் பயன்படற வித்தையை, புதுசா வந்த ஒரு பேங்க் அக்காவை வீடு சேர்க்கறதுக்குப் பயன்படுத்தற மனுஷன் அவர்.

டீச்சர் அக்காவோட ரூட் வேற. மகாபலிபுரம் போய், மேற்கே திரும்பி திருக்கழுக்குன்றம், அங்கேருந்து செங்கல்பட்டு. அந்த ரூட்ல வர்ற பொண்ணுங்க எண்ணிக்கை வேற எந்த ரைடுலயும் கிடையாது. காரணம் ரொம்ப எளிமை. வழியில எந்தெந்த இடத்துல பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை இருக்கு, அது காலை ஆறு மணிக்குத் திறந்திருக்குமா, சாவி யார்கிட்ட இருக்கும், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அந்தக் கணக்குலதான் அவங்க நிறுத்தமே வெப்பாங்க. எங்களை மாதிரி ஆம்பளைங்க பத்து வருஷம் அந்த ரூட்ல ஓட்டியும் இது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணினதும் இல்லை. எந்த ஆப்ல இது வரும், சொல்லுங்க?

அண்ணாச்சி எப்பவும் கடைசி ஆள். ஆங்கிலத்துல ஸ்வீப்னு சொல்வாங்க, நாங்க "வால்"னு சொல்வோம். அவருக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது, அதுதான் சட்டம். அவர் பையில ரெண்டு அளவு டியூப், செயின் லிங்க், ஒரு பழைய டயர் துண்டு (டயர் கிழிஞ்சா உள்ள வெக்க), அப்புறம் சின்னதா ஒரு பித்தளை அடாப்டர். இந்த அடாப்டர் கதை உங்களுக்குத் தெரியணும். இப்ப வர்ற விலை உயர்ந்த சைக்கிள் பலதுல பிரஸ்டா வால்வு. பஞ்சர் கடையில இருக்கற காத்து மெஷின் பைக், கார் வால்வுக்கானது, இதுல பொருந்தாது. லட்ச ரூபா சைக்கிளை வெச்சுக்கிட்டு, காத்து மெஷின் எதிர்லயே நின்னு, காத்தடிக்க முடியாம முழிக்கறவங்களை நான் பாத்திருக்கேன். நானே முழிச்சிருக்கேன். "ஏலே, இதுக்குத்தான் பணத்தைக் கொட்டி வாங்கினியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே அண்ணாச்சி அதைத் திருகி மாட்டுவார்.

மூணாவது, அதட்டறாங்க. ஆமா, அதட்டறாங்க. இதுல நான் மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. 2013-ல பின் விளக்கு இல்லாம வந்ததுக்கு சார் என்னை எல்லார் முன்னாடியும் வீட்டுக்கு அனுப்பினார். மணி காலை 4.50. அவ்வளவு கோபம் வந்துச்சு. ஆறு மாசம் முகம் குடுத்துப் பேசலை. போன மாசம் ஓட்டுப் போடும்போது அந்தப் பழைய கடுப்பும் என் விரல்ல இருந்துச்சுன்னு இப்ப நினைக்கறேன்.

நாலாவது, பொறுப்பு. இதுக்குத்தான் அந்த ஞாயித்துக்கிழமையைச் சொல்லணும்.

வாக்கெடுப்பு முடிஞ்சு மூணாவது ஞாயிறு. லீடர் கிடையாது, வால் கிடையாது. ஃபைலைப் போட்டாச்சு, "அவரவர் பொறுப்பில் ஓட்டவும்"னு ஒரு வரி போட்டாச்சு. முப்பத்திரண்டு பேர் கிளம்பினோம். நான் முன்னாடி கூட்டத்துல. சும்மா சொல்லக் கூடாது, செம ஜாலியா இருந்துச்சு. யாரும் நிறுத்தலை, யாரும் அதட்டலை, வேகம் முப்பதுக்குக் கீழ இறங்கலை. ஃபைல் காட்டின வழியில ஜி.எஸ்.டி.யிலயே போனோம். வண்டலூர்கிட்ட பஸ் நெரிசல் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா நாங்க வேகமா கடந்துட்டோம். கோவளத்துல டீ, குரூப் போட்டோ. போட்டோவுல எத்தனை தலைன்னு யாரும் எண்ணலை.

சேர்ந்து மூணே வாரம் ஆன ஒரு தம்பி, ஐ.டி.ல வேலை, கடைசியில வந்துக்கிட்டிருந்திருக்கான். வண்டலூர்கிட்ட ஒரு பஸ் ஒட்டி வரவே, தாரை விட்டு மண்ணுக்கு இறங்கியிருக்கான். முன் சக்கரம் மண்ல புதைஞ்சு ஆள் பறந்துட்டான். மணிக்கட்டுல எலும்பு முறிவு, கண்ணாடி உடைஞ்சு புருவத்துல தையல். பால் வண்டிக்காரர் ஒருத்தர்தான் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கார்.

எங்களுக்கு எப்ப தெரிஞ்சுது தெரியுமா? காலை பத்தரைக்கு. அதுவும் எப்படி? அந்தப் பையனோட அம்மா டெலிபோன் சாருக்குப் போன் பண்ணினதால. பையன் முதல் முதலா வந்த அன்னைக்கு சார் வழக்கம்போல அவன்கிட்ட வீட்டு நம்பரை வாங்கிக்கிட்டு, "என் நம்பரை அம்மாகிட்ட குடுத்துடுப்பா"ன்னு சொல்லியிருக்கார். கிளப்னா அந்த அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் அதுதான். நாங்க ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பின மனுஷனோட நம்பர்.

சார் ஸ்கூட்டர் எடுத்துக்கிட்டுப் போய், பையனோட அம்மா வர்ற வரைக்கும் கூட உக்காந்திருந்திருக்கார். குழுவுல ஒரு வார்த்தை எழுதலை. சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப வாசல்ல பாத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, கோவளத்துல எண்ணிப் பாத்தீங்களா?"

பதில் சொல்ல வாய் வரலை. இப்பவும் வரலை. அதான் இந்தப் பதிவு.

பொறுப்பு வரும்னு பயந்து லீடரைத் தூக்கினீங்களே, பொறுப்பு எங்க போச்சு? எங்கயும் போகலை. அந்தப் பையனோட மணிக்கட்டு மேல போய் உக்காந்துக்கிச்சு. "அவரவர் பொறுப்பில்"னு எழுதிட்டா நம்ம மனசாட்சிக்கு வேணா ரசீது கிடைக்கும், பின்னால விழுந்து கிடக்கறவனுக்கு என்ன கிடைக்கும்?

இந்த இடத்துல ஒருத்தர் கேப்பார், "உலகம் பூரா இப்ப இப்படித்தானே ஓட்டறாங்க? பிரெவே ரைடுல லீடரா இருக்கார்?" நியாயமான கேள்வி. கொஞ்சம் வரலாறு சொல்றேன்.

1904-ல பிரான்சுல ஆடாக்ஸ்னு நீண்ட தூர ரைடுகள் ஆரம்பிச்சப்ப, கூட்டத்துக்கு முன்னாடி கேப்டன் உண்டு. எல்லாரும் அவர் வேகத்துலதான் போகணும். ஆடாக்ஸ் வழக்கத்துல அந்த வேகம் மணிக்கு 22.5 கி.மீ.ன்னு நிலைச்சுது. 1921-ல பிரிஞ்சு "அவரவர் வேகம்"ங்கற வகையும் வந்துச்சு. நம்ம ஊர்ல இப்ப நடக்கற பிரெவே எல்லாம் அந்த வழிதான். நூறு வருஷமா ரெண்டும் இருக்கு. ஆனா அவரவர் வேகம்னா கண்டபடி போறதுன்னு அர்த்தம் இல்லை. 200 கி.மீ.க்குப் பதிமூணரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. நடுவுல சோதனைச் சாவடி மாதிரி கன்ட்ரோல், அங்க அட்டையில பதிவு. இருட்டுல விளக்கும் ஒளிரும் மேலாடையும் கட்டாயம். யார் எந்த கன்ட்ரோலைத் தாண்டினாங்க, யார் தாண்டலைன்னு ஒருத்தர் குறிச்சு வெச்சுக்கிட்டே இருப்பார். அங்கயும் எண்றதுக்கு ஆள் இருக்கு. நாம லீடரையும் எடுத்துட்டோம், எண்ணிக்கையையும் எடுத்துட்டோம்.

இங்கிலாந்தைப் பாருங்க. 1878-ல ஹாரோகேட்ல பைசைக்கிள் டூரிங் கிளப்னு ஒண்ணு தொடங்கினாங்க. 1883-ல சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்னு பேர் மாறுச்சு, 2016-லிருந்து சைக்ளிங் யூ.கே.ன்னு கூப்பிடறாங்க. அந்தக் காலத்துலயே ஊருக்கு ஊர் "கான்சல்"னு ஒரு உள்ளூர்க்காரரை நியமிச்சாங்க. வெளியூர்லேருந்து சைக்கிள்ல வர்றவனுக்கு ரோடு எப்படி, எங்க தங்கலாம்னு சொல்றது அவர் வேலை. செங்குத்தான இறக்கத்துல எச்சரிக்கைப் பலகை நட்டதும் சைக்கிள்காரங்கதான். நம்பித் தங்கலாம்னு கிளப் சொன்ன விடுதிச் சுவர்ல சிறகு வெச்ச சக்கரச் சின்னத்தை இரும்புல பதிச்சாங்க. அந்த ஊர்ல அன்னைக்கு மேப் இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சு. மேப் இருக்கறப்பவே ஆளும் வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இப்ப லீடருங்க பக்கமும் நாலு வார்த்தை. எல்லாத் தப்பும் எங்க மேல மட்டும் இல்லை.

சார், உங்க ரூட் எல்லாம் உங்க தலைக்குள்ளயே இருக்கு. பன்னெண்டு வருஷத்துல உங்களுக்கு அடுத்து யாருன்னு நீங்க யாரையும் தயார் பண்ணலை. கேட்டா, "இவனுங்களுக்குப் பொறுமை கிடையாது"ம்பீங்க. பொறுமை வர்ற மாதிரி ஒரு தடவையாவது முன்னாடி ஓட விட்டீங்களா? ஜி.எஸ்.டி.யை ஏன் தூக்கினீங்கன்னு குழுவுல நாலு வரி எழுதியிருந்தா அந்தப் பழைய ஃபைல் அன்னைக்கே அழிஞ்சிருக்கும். "கேட்டா சொல்வேன்"னு இருந்துட்டீங்க. கேக்கத் தெரியாதவங்கதான் விழறாங்க சார். அண்ணாச்சி, பஞ்சர் ஒட்டறதை நீங்களே பண்ணிப் பண்ணி எங்களைக் கையாலாகாதவங்களா ஆக்கிட்டீங்க. அடுத்த தடவை எங்க கையில குடுத்துட்டு நீங்க டீ குடிங்க.

கமிட்டிக்கு என்னோட கோரிக்கை இதுதான். பெரிசா ஒண்ணும் இல்லை.

ஒவ்வொரு ரைடுக்கும் முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். பேர் முந்தின நாளே குழுவுல வரணும். கிளம்பும்போது ஒரு எண்ணிக்கை, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஒரு எண்ணிக்கை. எண்ணிக்கை சரியா வராம யாரும் நகரக் கூடாது.

ஒவ்வொரு ரூட் ஃபைலுக்கும் தேதி வேணும், கடைசியா யார் ஓட்டிப் பாத்தாங்கன்னு பேர் வேணும். ஆறு மாசம் ஆன ஃபைல்ல லீடர் ஒருத்தர் மறுபடி ஓட்டிப் பாக்காம கூட்டத்தைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. 2019 ஃபைலை இன்னைக்கே அழிங்க.

ஒவ்வொரு லீடருக்கும் ஒரு துணை. மூணு மாசம் கூடவே ஓட்டி, அப்புறம் தனியா நடத்தணும். அதுல பாதியாவது பெண்கள் இருக்கணும்.

அப்புறம் அந்தச் சால்வைக் காசு, கேடயக் காசு. அதுல டியூபும், முதலுதவிப் பெட்டியும் வாங்கி, லீடருங்களை ஒரு முதலுதவி வகுப்புக்கும் அனுப்புங்க. இத்தனை வருஷமா அவங்க சொந்தக் காசுல வாங்கின டியூப்லதான் நாம எல்லாரும் வீடு வந்து சேர்ந்திருக்கோம்.

"வேகமா ஓட்டணும்"ங்கற ஆளுங்களுக்கு நான் எதிரி இல்லை. உங்களுக்குத் தனியா சனிக்கிழமை வெச்சுக்கோங்க, நானும் வர்றேன். ஞாயித்துக்கிழமை ரைடு மூணு வாரம் முன்னாடி சைக்கிள் வாங்கினவனுக்கானது. 2012-ல அது எனக்கானதா இருந்துச்சு. அன்னைக்கு டெலிபோன் சார் எனக்காக எத்தனை தடவை வேகத்தைக் குறைச்சார்னு நான் எண்ணினதே இல்லை.

போன வாரம் சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "காபி சாப்பிடு"ன்னார். குடிச்சேன். அப்புறம் அவரே ஒரு பழைய நோட்டை எடுத்துட்டு வந்து, "மாம்பாக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாமா?"ன்னார். ரெண்டு மணி நேரம் நான் எழுதிக்கிட்டேன். எந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு அழிஞ்சிருக்கு, எந்த முக்குல நாய் துரத்தும், எந்தக் கடை அஞ்சரைக்கே திறக்கும். பதினெட்டு பக்கம் வந்துடுச்சு, இன்னும் கோவளம் வரலை.

வர்ற ஞாயிறு காலை 4.45, திருவான்மியூர். முன்னாடி சார். வால் நான். முதல் தடவை. பின் விளக்கு இல்லாம வந்தீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன், சொல்லிட்டேன் :-)